ஜான் புரூஸ் நார்ட்டன்

ஜான் புரூஸ் நார்ட்டன் (1815 – ஜூலை 13, 1883) 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய வழக்குரைஞரும் சட்ட ஆசிரியரும் நூலாசிரியரும் ஆவார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் 1845 முதல் 1862 வரை அரச வழக்கு எழுத்தராகவும், பின்னர் 1871 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் பதவி வகித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1855இல் தொடங்கிய சட்ட வகுப்பின் முதல் பேராசிரியர் இவரே. ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பின், 1873இல் இலண்டன் டெம்பிளில் இந்திய மாணவர்களுக்கான முதல் சட்ட விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார்.

அரசுத் தரப்பில் வழக்கு நடத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்த நார்ட்டன், அதே அரசின் நீதிமன்றங்களிலும் காவல் முறையிலும் கண்ட குறைகளை வெளிப்படையாக எழுதினார். சட்டக் கல்வி பெற்றவர்கள் நீதிபதிகளாகவும் வழக்குரைஞர்களாகவும் வந்தாலன்றி இக்குறைகள் தீரா என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கொண்டிருந்த கருத்து.

பெயர் ஒற்றுமை

சென்னை வரலாற்றில் நார்ட்டன் என்ற பெயரில் மூவர் அறியப்படுகின்றனர். ஜார்ஜ் நார்ட்டன் என்பவர் 1828 முதல் 1853 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். சென்னைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1839இல் அளிக்கப்பட்ட பொதுமக்கள் விண்ணப்பத்துடனும் பச்சையப்பன் அறக்கட்டளையுடனும் தொடர்புடையவர் அவரே. எர்ட்லி நார்ட்டன் (1852–1931) ஜான் புரூஸ் நார்ட்டனின் மகன். இந்திய தேசிய காங்கிரசின் தொடக்க காலத்தில் அதில் பங்கேற்றவர். 1908இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தர் உள்ளிட்டோருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதிட்டவர். இக்கட்டுரை இவ்விருவரைப் பற்றியது அன்று.

இளமையும் கல்வியும்

நார்ட்டனின் தந்தை சர் ஜான் டேவிட் நார்ட்டன், சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக 1841இல் நியமிக்கப்பட்டவர். ஜான் புரூஸ் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பயின்றார். அப்பள்ளியின் கிரிக்கெட் அணியிலும் ஆடினார். பின்னர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். 1841இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொண்டு, அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்தார்.

தந்தை நீதிபதியாக இருந்த நகரில் மகன் தொழிலைத் தொடங்கினார். ஆனால் அத்துணை நெடுநாள் நீடிக்கவில்லை. 1843இல் ஜான் டேவிட் நார்ட்டன் கடற்பயணத்தின்போது காலமானார். அவ்வாண்டிலேயே மகன் சென்னை நகர ஷெரிப்பாகப் பொறுப்பேற்று, 1845 வரை அப்பதவியில் இருந்தார்.

அரச வழக்கு எழுத்தர்

1845இல் நார்ட்டன் உச்ச நீதிமன்றத்தின் அரச வழக்கு எழுத்தராக நியமிக்கப்பட்டார். பெயரில் எழுத்தர் என்று இருந்தாலும், இது ஒரு குமாஸ்தா பதவி அன்று. குற்றவியல் அமர்வுகளுக்கு வரும் ஒவ்வொரு வழக்கின் ஆவணங்களையும் படித்துப் பார்த்து, எந்தக் குற்றத்திற்காக எந்த வாசகத்தில் குற்றச்சாட்டு அமைய வேண்டும் என்று வரைந்து தரும் சட்ட அதிகாரியின் பதவி அது. குற்றச்சாட்டில் ஒரு சொல் பிழைத்தாலும் வழக்கு விழக்கூடிய காலம். ஆகவே வாக்குமூலங்கள் எவ்வாறு பெறப்பட்டன, சாட்சியம் குற்றத்தை மெய்ப்பிக்கப் போதுமானதா என்பனவற்றை அவர் நாள்தோறும் ஆராய வேண்டியிருந்தது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் நார்ட்டன் இப்பணியில் இருந்தார். பிற்காலத்தில் சாட்சியச் சட்டமே அவரது முதன்மைப் பாடமாக அமைந்தது இயல்பானதே.

அக்கால நீதிமன்ற அமைப்பு

நார்ட்டனின் எழுத்துகளைப் புரிந்துகொள்ள, அன்றிருந்த இருவகை நீதிமன்றங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னை நகருக்குள் அதிகாரம் செலுத்தியது, பிரித்தானிய அரசரின் பெயரால் 1801இல் நிறுவப்பட்ட உச்ச நீதிமன்றம். அதன் நீதிபதிகள் இங்கிலாந்தில் சட்டம் பயின்ற பாரிஸ்டர்கள். அங்கு ஆங்கிலேயச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

நகருக்கு வெளியே, மொபசல் என்று அழைக்கப்பட்ட மாவட்டப் பகுதிகளில், கிழக்கிந்தியக் கம்பனியின் சொந்த நீதிமன்றங்கள் இயங்கின. கீழ்நிலையில் முன்சீப்புகள், அவர்களுக்கு மேல் சில்லா நீதிமன்றங்கள், உச்சியில் சென்னையில் இருந்த சதர் அதாலத் என்ற வரிசையில் அவை அமைந்திருந்தன. சில்லா நீதிபதிகள் கம்பனியின் குடிமைப் பணி அதிகாரிகள். வருவாய்த் துறையில் சில ஆண்டுகள், நீதித்துறையில் சில ஆண்டுகள் என்று மாறிமாறிப் பணியாற்றியவர்கள். நீதிபதி ஆவதற்கு முன் சட்டம் பயின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. குற்ற வழக்குகளில் இசுலாமியக் குற்றவியல் சட்டமும் அதைத் திருத்திய கம்பனி ஒழுங்குவிதிகளும் கலந்து பின்பற்றப்பட்டன.

இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள போளூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள இவ்வூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடமும் சில்லா நீதிமன்றமும் சித்தூரில் இருந்தன. போளூர்க் குடியானவர் ஒருவர் மாவட்ட நீதிபதியிடம் முறையிட வேண்டுமாயின், வேலூரைக் கடந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். அவர் ஊரில் வரி தண்டிய தாசில்தாரே, 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி காவல் துறைக்கும் தலைவர். வரி தண்டுபவர் மீது குறை சொல்ல வேண்டுமானால், முதலில் போய்ச் சொல்ல வேண்டிய இடமும் அவரது கச்சேரியே.

நீதி நிருவாகம் பற்றிய நூல்

1853இல் கம்பனியின் பட்டயம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மீண்டும் விவாதத்திற்கு வந்தது. அவ்வாண்டு நார்ட்டன் தென்னிந்தியாவில் நீதி நிருவாகம் என்ற தமது நூலைச் சென்னையில் வெளியிட்டார். கம்பனி நீதிமன்றங்களைப் பொதுவாகக் குறை கூறுவதுடன் அவர் நிற்கவில்லை. அந்நீதிமன்றங்களின் அச்சிட்ட தீர்ப்புகளையே எடுத்து, அவற்றில் சட்டமும் தருக்கமும் பிழைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அரசின் சொந்த ஆவணங்களே சான்றாக அமைந்தமையால் அவரது குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

குடிமைப் பணி அதிகாரிகளிடையே இந்நூல் சினத்தை உண்டாக்கியது. மொபசல் நீதிமன்றங்களை ஆதரித்து அவர்களுள் ஒருவர் மறுப்பு எழுதினார். அதற்கும் நார்ட்டன் அதே ஆண்டில் ஒரு மறுமொழி நூல் வெளியிட்டார். நேர்மை மட்டும் ஒருவரை நீதிபதி ஆக்கிவிடாது, சட்டப் பயிற்சியும் வேண்டும் என்பதே இவ்விவாதத்தில் அவர் வலியுறுத்தியது. 1854இல் சென்னை மாகாணத்தின் நிலையும் தேவைகளும் குறித்து, இந்திய விவகாரங்களைக் கவனித்து வந்த கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலாளர் இராபர்ட் லோவுக்கு ஒரு நீண்ட திறந்த மடலையும் எழுதி அச்சிட்டார்.

சித்திரவதை விசாரணைக் குழு

1854இல் சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்காக மக்கள் சித்திரவதை செய்யப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு பிரித்தானிய மக்களவையில் எழுப்பப்பட்டது. அதனை ஆராயச் சென்னை அரசு மூவர் குழு ஒன்றை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள்.

குழு தன் விசாரணையை மாவட்டங்களில் அறிவித்து, பாதிக்கப்பட்டோர் நேரிலோ மடல் மூலமாகவோ முறையிடலாம் என்று தெரிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. சிலர் நெடுந்தொலைவு நடந்தே சென்னைக்கு வந்து குழுவின் முன் நின்றனர். மரச்சட்டங்களுக்கு இடையே விரல்களை வைத்து நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி அசையவிடாமல் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய கொடுமைகள் அறிக்கையில் விவரிக்கப்பட்டன. வெயிலில் நிற்க வைத்தலும் உணவுக்குப் போக விடாமல் தடுத்தலும் அவற்றுடன் சேர்ந்தன.

1855 ஏப்ரலில் குழு தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுவதற்கும், குற்ற வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலம் பெறுவதற்கும் சித்திரவதை கையாளப்படுகிறது என்பதை அது உறுதி செய்தது. வருவாய்ப் பணியும் காவல் பணியும் ஒரே கையில் இருப்பதையும், பாதிக்கப்பட்டவர் நீதி பெறுவது எளிதாக இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. இரு பணிகளையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல் துறையைத் தனி அமைப்பாக்கியது.

இவ்வறிக்கை இந்தியாவுக்கு வெளியிலும் படிக்கப்பட்டது. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இந்தியச் சித்திரவதைகள் பற்றி எழுதிய கட்டுரைக்கு இவ்வறிக்கையே முதன்மை ஆதாரம். கொடுமைக்குக் கீழ்நிலை இந்திய அலுவலர்களை மட்டும் பொறுப்பாக்கி, ஐரோப்பிய அதிகாரிகளை அறிக்கை காப்பாற்றிவிட்டது என்ற திறனாய்வும் அப்போதிருந்தே உள்ளது.

மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்பு

விசாரணை அறிக்கை வெளிவந்த அதே 1855ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்பு தொடங்கப்பட்டு, நார்ட்டன் அதன் பேராசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. அரச வழக்கு எழுத்தர் பணியை விடாமலேயே அவர் இவ்வகுப்புகளை நடத்தினார்.

அதுவரை மாவட்ட நீதிமன்ற வக்கீல்கள் பெரும்பாலும் அனுபவத்தாலும் மூத்தோரிடம் பழகியும் தொழிலைக் கற்றவர்கள். சட்டத்தை ஒரு கல்வித்துறையாக, கோட்பாடுகளிலிருந்து தொடங்கி முறைப்படி கற்பிக்கும் வகுப்பு சென்னைக்குப் புதியது. நார்ட்டன் சாட்சியச் சட்டத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். கேள்விச் சான்றை ஏன் ஏற்கலாகாது, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது, ஒப்புதல் வாக்குமூலத்தை எப்போது நம்பலாம் என்பன போன்ற கேள்விகள் அப்பாடத்தின் அடிப்படை. கிட்டியில் விரல் நசுங்கியவரின் ஒப்புதலை உண்மை என்று எழுதிக்கொள்ளும் நீதிமன்றம் இருந்த நாட்டில், இக்கேள்விகள் ஏட்டுக் கல்வியாக மட்டும் இருக்க முடியாது.

இவ்விரிவுரைகள் தொகுக்கப்பட்டு, கம்பனி நீதிமன்றங்களுக்குரிய சாட்சியச் சட்டம் என்ற நூலாக வெளிவந்தன. இந்நூல் மறுபதிப்புகள் கண்டு, மாணவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் கையேடாகப் பயன்பட்டது. சாட்சியம் பற்றி 1855ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் என்ற சிறு சட்டம் மட்டுமே இருந்த காலம் அது. முழுமையான இந்தியச் சாட்சியச் சட்டம் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்து 1872இல்தான் நிறைவேறியது.

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்ற விதி, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. இவ்விதிக்குச் சென்னை அறிக்கை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. எனினும், இவ்விதி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அவ்வறிக்கையைப் போல் தெளிவாகக் காட்டும் ஆவணங்கள் சிலவே.

1857ஆம் ஆண்டு எழுச்சி பற்றிய நூல்கள்

1857ஆம் ஆண்டு எழுச்சியின்போது நார்ட்டன் இந்தியாவில் கலகம்: இன்னொன்றைத் தடுப்பது எவ்வாறு என்ற பொருளில் ஒரு நூலும், 1858இல் இந்திய அரசியலாளர்களுக்கான பொருள்கள் என்ற நூலும் எழுதினார். இந்திய அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பனி இணைத்துக்கொண்ட கொள்கையை இவற்றில் கடுமையாகத் தாக்கினார். வாரிசு இல்லை என்று கூறி 1850களில் தஞ்சாவூர், நாக்பூர், ஜான்சி ஆகியவை கம்பனியின் கைக்குச் சென்றிருந்தன. இந்தியர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கி வைத்ததும் அதிருப்திக்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். பிரித்தானிய ஆட்சி நீங்க வேண்டும் என்பது அவர் எண்ணம் அன்று. அது நிலைக்க வேண்டுமானால் நீதியுடன் நடக்க வேண்டும் என்பதே.

அட்வகேட் ஜெனரல்

1862இல் உச்ச நீதிமன்றமும் சதர் அதாலத்தும் ஒன்றாக்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் உருவாயிற்று. இருவகை நீதிமன்றங்கள் என்ற பழைய பிளவு இதனுடன் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இந்தியத் தண்டனைச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், சென்னைக்கும் மொபசலுக்கும் ஒரே குற்றவியல் சட்டம் என்ற நிலை ஏற்பட்டது.

1863இல் நார்ட்டன் பொறுப்பு அட்வகேட் ஜெனரலாகவும், 1868இல் நிரந்தர அட்வகேட் ஜெனரலாகவும் நியமிக்கப்பட்டார். மாகாண அரசின் தலைமைச் சட்ட அதிகாரி என்ற முறையில், உயர் நீதிமன்றத்தில் அரசின் வழக்குகளை நடத்துவதும் அரசுக்குச் சட்டக் கருத்து அளிப்பதும் அவரது பணிகள். 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்படி அட்வகேட் ஜெனரல் சட்டமன்றத்திலும் இடம்பெற்றதால், சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

இக்காலத்திலும் பாட நூல் எழுதுவதை அவர் விடவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் பற்றிய முன்னோடித் தீர்ப்புகளைத் தொகுத்து 1870–71இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். சென்னை நீதிமன்றங்களில் சொத்து வழக்குகளே மிகுதி. தத்தெடுப்பு, பாகப்பிரிவினை, கைம்பெண்ணின் உரிமை ஆகியவற்றில் இளம் வக்கீல்கள் நாட வேண்டிய தீர்ப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஓரிடத்தில் வகைப்படுத்தித் தந்ததே இத்தொகுப்பின் பயன்.

பச்சையப்பன் கல்வி நிறுவனம்

1842இல் தொடங்கப்பட்ட பச்சையப்பன் பள்ளி, அரசின் பணமும் கிறித்தவ சமயப் பரப்புக் குழுக்களின் பணமும் இன்றி, ஒரு தமிழ் வணிகரின் அறக்கொடையால் நடந்த கல்வி நிலையம். அதன் புரவலராக விளங்கிய நார்ட்டன், ஆண்டு விழாக்களில் தொடர்ந்து உரையாற்றினார். அவ்வுரைகள் 1870இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. அரசுப் பதவிக்காக மட்டுமன்றி அறிவுக்காகவும் பொதுநலனுக்காகவும் கற்க வேண்டும் என்பது அவற்றில் அடிக்கடி வரும் கருத்து.

இலண்டனில் விரிவுரையாளர்

1871இல் பதவி விலகி நார்ட்டன் இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைக் கடந்திருந்தது. இந்திய இளைஞர்கள் கடல் கடந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெறத் தொடங்கியிருந்த காலம் அது. வங்காளத்தைச் சேர்ந்த மன்மோகன் கோஷ் 1866இலும், பின்னாளில் காங்கிரசின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜி 1867இலும் பாரிஸ்டர்கள் ஆயினர். இலண்டனில் அவர்கள் கற்றது ஆங்கிலேயச் சட்டம். நாடு திரும்பி அவர்கள் வாதாட வேண்டியிருந்ததோ இந்திய நீதிமன்றங்களில்.

பாரிஸ்டர் பயிற்சிக்குரிய இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகிய இரு சங்கங்களும் அமைந்துள்ள பகுதி டெம்பிள் எனப்படும். அங்கு இந்திய மாணவர்களுக்குச் சட்டம் கற்பிக்கும் முதல் விரிவுரையாளராக 1873இல் நார்ட்டன் நியமிக்கப்பட்டார். அவரது தொடக்க விரிவுரை அச்சாகியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்னை நீதிமன்றத்தில் பழகிய ஒருவர், அங்கிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு இலண்டனில் பாடம் நடத்தினார்.

1883 ஜூலை 13 அன்று நார்ட்டன் இலண்டனில் காலமானார். அதற்குள் அவரது மகன் எர்ட்லி நார்ட்டன் சென்னையில் வழக்குரைஞராகப் பணியாற்றத் தொடங்கியிருந்தார்.

மதிப்பீடு

நார்ட்டன் பிரித்தானிய அரசின் ஊதியம் பெற்ற சட்ட அதிகாரி. ஆட்சியின் அடிப்படையை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அவர் நடத்திய வகுப்பு ஆங்கிலம் கற்ற நகர்ப்புறத்தார் சிலருக்கே எட்டியது; சித்தூருக்கு நடந்த குடியானவரின் பிள்ளைக்கு அது எட்டவில்லை. கற்பித்ததும் பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டக் கோட்பாடுகளையே.

எனினும், அரசுத் தரப்பில் இருந்துகொண்டே அரசின் நீதிமன்றங்களில் நீதி கிடைக்கவில்லை என்று சான்றுகளுடன் எழுதுவது அக்காலத்தில் அரிது. குறை கூறியதோடு நில்லாமல், அக்குறையைத் தீர்க்கக்கூடியவர்களை உருவாக்கும் வகுப்பையும் அவர் நடத்தினார். 1870களின் பிற்பகுதியில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தபோது, இந்தியர்களால் அப்பொறுப்பை ஏற்க இயலுமா என்ற பழைய வாதம் வலுவிழந்தது.

மாநிலக் கல்லூரியில் தொடங்கிய சட்டக் கல்வி, 1891இல் சென்னைச் சட்டக் கல்லூரி என்ற தனி நிறுவனமாக வளர்ந்தது. ரெஜினால்ட் நெல்சன் அதன் முதல் முதல்வர். 1990இல் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்று பெயர் மாற்றப்பட்ட இக்கல்லூரி, 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தை அடுத்த பழைய கட்டடத்திலிருந்து புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறியது.

எழுதிய நூல்களுள் சில

- தென்னிந்தியாவில் நீதி நிருவாகம் (1853)
- மொபசல் நீதிமன்றங்களை ஆதரித்தவருக்கு மறுமொழி (1853)
- சென்னை மாகாணத்தின் நிலையும் தேவைகளும் குறித்து இராபர்ட் லோவுக்கு மடல் (1854)
- இந்தியாவில் கலகம்: இன்னொன்றைத் தடுப்பது எவ்வாறு (1857)
- இந்திய அரசியலாளர்களுக்கான பொருள்கள் (1858)
- கம்பனி நீதிமன்றங்களுக்குரிய சாட்சியச் சட்டம் (மாநிலக் கல்லூரி விரிவுரைகள்)
- கல்வி பற்றிய உரைகள் (1870)
- இந்து வாரிசுரிமைச் சட்டம் பற்றிய முன்னோடித் தீர்ப்புகள், இரு தொகுதிகள் (1870–71)